சதுரம் 417-இன் உபரி மனிதர்கள்

கல்லுக்குழி கூட்ரோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தரையில் சுண்ணாம்புக் கோடு விழுந்திருந்தது. ஷட்டரைத் தூக்க வந்த காஜா மொய்தீன், யாரோ கபடிக்குக் கோடு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் கபடிக்கோடு சர்வீஸ் ரோட்டைக் குறுக்கே வெட்டி, சாக்கடைக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறி, தைலமரத் தோப்புக்குள் நேராகப் போய் மறையாது. பத்து மணிக்கு ஒருவர் வந்து கோட்டின்மேல் ஒரு கல்லை நட்டார். கல்லின் இந்தப் பக்கம் 417 என்றும் அந்தப் பக்கம் 418 என்றும் எழுதியிருந்தது.

"என்னா சார் இது, ரோடு அகலப்படுத்துறாங்களா?" என்று கேட்டார் காஜா மொய்தீன். ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே கடை வைத்திருப்பவருக்கு அதுவரை வேறு பயம் கிடையாது.

"ரோடு இல்லீங்க பாய். ஜனங்களைச் சமப்படுத்துறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கல்லை நடப் போய்விட்டார்.

மக்கள் பரவல் சீரமைப்பு ஆணையம் எதற்காக உண்டானது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூமியில் மனிதர்கள் ஒழுங்காகப் பரவியிருக்கவில்லை. ஓர் இடத்தில் மூச்சுவிட முடியாமல் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். இன்னோர் இடத்தில் கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. இது ஆயிரக்கணக்கான வருஷங்களாக எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் இது ஓர் ஒழுங்கீனம் என்று கண்டுபிடித்தது ஆணையம். உலகத்து ஜனங்களை உலகத்து நிலத்தால் வகுத்தால் சதுரக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அறுபது பேர் வரும். ஆகவே ஒவ்வொரு சதுரக் கிலோமீட்டரிலும் அறுபது பேர் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருப்பவர்கள் உபரி. இவ்வளவு சுலபமான கணக்கை இத்தனை காலம் யாரும் போட்டுப் பார்க்கவில்லையே என்பதில் ஆணையத்துக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காஜா மொய்தீனுக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியாது. கம்பெனித் தொழிலாளிகளின் சேஃப்டி ஷூவுக்கு அடி ஒட்டுவதும் தையல் போடுவதும் அவர் தொழில். கூடவே சாக்ஸ், கையுறை, ஐடி கார்டு மாட்டும் கயிறு. கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி அதியா, ஒன்பது வயது மகள் ஸோயா. அந்தச் சதுரக் கிலோமீட்டரில் நிலையாகக் குடியிருப்பவர்கள் என்று பார்த்தால் இந்த மூன்று பேர்தான். மற்றதெல்லாம் கம்பெனிச் சுவர், தைலமரம், வேலி போட்டு பேனர் கட்டிய மனைகள்.

ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த இடத்தை வந்து பார்க்க வேண்டும். ஒரு கம்பெனிக்கு இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விடும். இன்னொன்றுக்கு இரண்டரைக்கு ஆரம்பிக்கும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி போச்சம்பள்ளி பஸ்ஸில் ஏறுகிறவர்கள், அங்கிருந்து வந்து இங்கே ஏறுகிறவர்கள், எல்லாரும் மாறுவது இந்தக் கூட்ரோட்டில்தான். இருபது நிமிஷம் கால் வைக்க இடமிருக்காது. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கும். அந்த இருபது நிமிஷத்துக்குள் அடி பிரிந்த ஷூவை நீட்டி, ஒற்றைக் காலில் நின்று, ஒட்டி வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். மூன்று மணிக்கு ஒரு காக்கை இருக்காது.

ஆணையத்தின் எண்ணிக்கைக் குழு வியாழக்கிழமை சரியாக இரண்டு இருபதுக்கு எண்ண ஆரம்பித்தது. காலையிலேயே வந்துவிட்டார்கள்தான். வந்தவர்கள் சதுரத்தின் அமைதியைக் குறித்துக்கொண்டார்கள், பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள், இரண்டு மணி வரை சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பின் எண்ணினால் பிழை வராது என்பது ஆணையத்தின் அனுபவம்.

எண்ணும் அலுவலர் ஜெயப்ரியா மரியாதையான பெண். காஜா மொய்தீன் கடையின் ஸ்டூலை வாங்கிப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, கையிலிருந்த சின்ன மிஷினை டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவனுக்கு ஒரு டிக். அவனே நின்றதற்கு ஒரு டிக். அடுத்த பஸ்ஸில் ஏறியதற்கு ஒரு டிக். காஜா மொய்தீன் ஒட்டி முடித்த ஷூவோடு பஸ் ஜன்னலுக்கு ஓடினார். திரும்பி வந்தார்.

"பாய், நகராதீங்க ப்ளீஸ். உங்களை ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"அப்ப ஒண்ணு கழிச்சுடும்மா."

"இந்த மிஷின்ல கழிக்கிற பட்டன் இல்லீங்களே."

"ஏம்மா, இவுங்க யாரும் இங்க குடியிருக்கறவங்க இல்ல. மூணு மணிக்கு வந்து பாரேன், நாங்க மூணு பேர்தான் இருப்போம்."

"எங்க டீமுக்கு ரெண்டு இருபதுதான் பாய் டைம் குடுத்திருக்காங்க" என்றாள் ஜெயப்ரியா. அதற்கும் ஒரு டிக் விழுந்தது. யாருக்கு என்று தெரியவில்லை.

எண்ணிப் போன எட்டாம் நாள் தபால்காரர் ஒரு நோட்டீஸும் ஒரு மூட்டையும் கொண்டுவந்தார். நோட்டீஸ் காஜா மொய்தீன் பெயருக்கு. மூட்டையில் இருந்தது சதுரம் 417-இல் எண்ணப்பட்ட மற்றவர்களுக்கான நோட்டீஸ்கள். அவர்களுக்கு விலாசம் இல்லாததால் அந்தச் சதுரத்தில் கதவுள்ள ஒரே வீட்டில் மொத்தத்தையும் இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

காஜா மொய்தீன் படித்தார். எண்ணப்பட்டோர் 11,640. அனுமதிக்கப்பட்டோர் 60. ஆகையால் ஒரு மனிதருக்குச் சதுரம் 417-இல் உள்ள இருப்பு உரிமை, நூற்றுத் தொண்ணூற்று நான்கில் ஒரு பங்கு. தங்கள் குடும்பத்துக்கு, நூற்றுத் தொண்ணூற்று நான்கில் மூன்று ஆள். ஆணையம் கருணையுடன் இதை ஒரு முழு ஆளாக உயர்த்தி வழங்குகிறது. அந்த ஓர் ஆள் யார் என்பதைக் குடும்பமே ஜனநாயக முறையில் முடிவு செய்யலாம். முடிவு செய்யாவிட்டால் குடும்பத் தலைவர் இருப்பார். மனைவி அஞ்செட்டி மலைப்பகுதியிலுள்ள சதுரம் 2206-க்கு அனுப்பப்படுவார். தற்போது அங்கே மக்கள்தொகை பூஜ்யம், யானைகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஒரே வீட்டார் இருவரை ஒரே சதுரத்தில் வைத்தால் மறுபடி கொத்து உண்டாகிவிடும் என்பதால் மகள் ராஜஸ்தானில் ஒரு மணற்பாங்கான சதுரத்துக்கு அனுப்பப்படுவாள். குழந்தைகளுக்கு மணல் பிடிக்கும் என்பது கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது. நோட்டீஸ் கிடைத்த பதினாறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வண்டி வரும். ஓர் ஆளுக்கு ஒரு பை.

அவர் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். இரண்டாம் தடவையும் அதேதான் எழுதியிருந்தது.

"என்னாங்க அது? கரண்ட் ஆபீஸா?" என்று கேட்டுக்கொண்டே அதியா உள்ளேயிருந்து வந்தாள். கையில் மாவு அப்பியிருந்தது. அவர் தாளை நீட்டினார். அவள் படித்து முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"புள்ளைய ஏங்க?" என்றாள் அதியா. "என்னை எங்கியாச்சும் போடட்டும். புள்ளைய ஏங்க தனியா?"

"கொத்து ஆயிடுமாம்."

"அத்தா, ராஜஸ்தான்ல ஒட்டகம் இருக்குமா?" என்று கேட்டாள் ஸோயா. கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அதியா பாய்ந்து போய் மாவுக் கையாலேயே அவள் வாயைப் பொத்தினாள். அன்றிலிருந்து மகளைக் கடை வாசலுக்குக்கூட அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. ஸோயா குளிக்கும்போது அதியா கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "இருக்கியா? இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று நோட்டீஸின் கடைசி வரியில் போட்டிருந்தது. மறுநாளே காஜா மொய்தீன் ஓசூருக்குப் பஸ் ஏறினார்.

ஆணையத்தின் மண்டல அலுவலகம் ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரே ஹாலில் நானூறு ஊழியர்கள். நாற்காலிக்கு இரண்டு பேர் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து கோப்புப் பார்த்தார். எழுந்து போனால் இடம் போய்விடும் என்பதால் பலர் எழுந்தே பல நாளாகியிருந்தது போலத் தெரிந்தது. அன்று விழிப்புணர்வுக் கூட்டம். மேல்முறையீட்டுக்கு வந்தவர்களைச் சுவரோரமாக நிறுத்திவைத்து, மண்டல இணை இயக்குநர் ராஜேஷ்குமார் உலகப் படத்தின் முன்னால் நின்று பேசினார்.

"பாருங்க. இந்தச் சிவப்பெல்லாம் ஆளுங்க நெருக்கமா இருக்கற இடம். ஆத்தோரம், கடலோரம், கம்பெனியோரம். தண்ணி எங்க இருக்கோ அங்க போய் ஒட்டிக்கறாங்க. வேலை எங்க இருக்கோ அங்க போய் ஒட்டிக்கறாங்க. இது மனுஷனோட கெட்ட பழக்கம். சகாரால எவ்ளோ எடம் சும்மா கெடக்குது! கேட்டா வெயிலுங்கறாங்க. கிருஷ்ணகிரில வெயில் இல்லையா? சைபீரியாவைக் கேட்டா குளிருங்கறாங்க. ஒரு ஸ்வெட்டர் போட்டா தீர்ந்துபோச்சு. பூமி நமக்காக இவ்ளோ பெரிசா இருக்குது. நாம பூமிக்காகக் கொஞ்சம் நகர மாட்டோமா?"

ஊழியர்கள் கை தட்டினார்கள். கையை விரிக்க இடமில்லாததால் முன்னால் இருந்தவரின் முதுகில் தட்டினார்கள்.

"போன வருஷம் அஞ்செட்டி மலையில நாமளே ஒரு கிளை ஆபீஸ் திறந்தோம்" என்று தொடர்ந்தார் ராஜேஷ்குமார். "இங்கிருந்து நாப்பது பேருக்கு டிரான்ஸ்ஃபர் போட்டேன். நாப்பது பேரும் மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. நான் அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். அங்க ஸ்கூல் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, சாயங்காலம் ஆனா யானை வந்துடுது. ஒரு மனுஷன் குடும்பத்தோட எப்படிங்க அங்க இருப்பான்?"

காஜா மொய்தீன் கையைத் தூக்கினார்.

"சார், என் வூட்டுக்காரியை அங்கதான் சார் போட்டிருக்கீங்க. தனியா."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றார் ராஜேஷ்குமார். முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "அவங்க மாதிரி அறுபது பேர் சேந்தாத்தானே அங்க ஸ்கூல் வரும்? முதல் ஆளா போறாங்க. வாழ்த்துகள்."

"சார், எங்க சதுரத்துல மொத்தமே மூணு பேருதான் சார். மத்தவங்கல்லாம் பஸ்ஸுக்கு நின்னவங்க. ரெண்டு தடவை, மூணு தடவை எண்ணிட்டாங்க. நான் கண்ணால பாத்தேன்."

"பாய், எண்ணினது எண்ணினதுதான். எண்ணிக்கையைச் சந்தேகப்பட்டா அப்புறம் உலகத்துல யாரு இருக்காங்க யாரு இல்லைன்னே சொல்ல முடியாமப் போயிடும்." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒண்ணு செய்யுங்க. அந்த ஆளுங்க வேற எடத்தைச் சேர்ந்தவங்கன்னு யாராச்சும் எழுதிக் குடுக்கட்டும். அவங்க எங்களோட ஆளுங்கன்னு ஒரு லெட்டர். கழிச்சுடறேன்."

காஜா மொய்தீன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஒரு கடிதம்தானே என்று அவருக்கு உயிர் வந்தது. பதினோராயிரம் பேரும் எங்கேயோ வேலை பார்க்கிறார்கள், எங்கேயோ படுக்கிறார்கள், எங்கேயோ பிறந்திருக்கிறார்கள். யாராவது எங்கள் ஆள் என்று சொல்லாமலா போவார்கள்?

சூளகிரிப் பக்கம் இருந்த பெரிய கம்பெனி ஒன்றின் வாசலில் அரை நாள் காத்திருந்து எச்.ஆர். நவீன்குமாரைப் பிடித்தார். நவீன்குமாரின் ஷூவுக்கே இரண்டு தடவை அடி ஒட்டிக் கொடுத்திருக்கிறார்.

"பாய், எங்க ரோல்ல இருக்கறது இருநூத்திப் பன்னெண்டு பேருதான். மத்தவங்க காண்ட்ராக்ட். அவங்க எங்க ஆளுங்க இல்ல."

"உங்க சட்டை போட்டுக்கினு வர்றாங்களே சார். கம்பெனி பேரு முதுகுலயே இருக்குதே."

"சட்டை எங்களுது. உள்ள இருக்கறது காண்ட்ராக்டருது."

காண்ட்ராக்டரிடம் போனார். நான் ஆள் அனுப்புகிறவன், ஆள் வைத்திருக்கிறவன் இல்லை, அவர்கள் எல்லாம் தங்கியிருக்கும் இடத்தில் போய்க் கேளுங்கள் என்றார் அவர். தொழிலாளிகளுக்கு அறை விடும் ஒருவரைத் தேடிப் போனார். ஒரு கட்டிலை மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேருக்கு விட்டிருந்தார் அந்த மனிதர். ஒருவன் எழுந்து வேலைக்குப் போக, இன்னொருவன் வந்து அதே சூட்டில் படுப்பான்.

"எப்ப வேணா வந்து பாருங்க பாய், கட்டிலுக்கு ஒரு ஆள்தான் இருப்பான். அப்ப ஒரு ஆள்தானே கணக்கு? மூணு பேருன்னு எழுதிக் குடுத்தா நான் மாட்டிக்குவேன்" என்றார் அவர்.

சொந்த ஊர்க்காரர்களாவது சொல்வார்களா என்று கம்பெனி பஸ் ஓட்டும் சுடலைமுத்துவைக் கேட்டார். சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கம். ஓசூருக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது.

"எங்க ஊர்ல என் பேரை அடிச்சிட்டாவ பாய். அவன் ஓசூரு போயிட்டாம்லா, இங்க என்னத்துக்கு அவன் பேருன்னு. இங்க வந்து கேட்டா, நீ அந்த ஊர்க்காரன்லாங்கான்."

ஆக, பதினோராயிரம் பேர் கம்பெனியிலும் இல்லை, கட்டிலிலும் இல்லை, பிறந்த ஊரிலும் இல்லை. அவர்கள் இந்த உலகத்தில் இருந்தது பஸ்ஸுக்கு நின்ற இருபது நிமிஷம் மட்டும்தான். அந்த இருபது நிமிஷத்தையும் அவர்கள் காஜா மொய்தீன் கடை வாசலில் இருந்து தொலைத்திருந்தார்கள்.

நோட்டீஸ் வந்து பத்து நாள் ஓடிவிட்டது. ஷூ தைக்கும்போது ஊசி அவர் விரலில் இரண்டு தடவை ஏறியது. சாப்பாடு இறங்கவில்லை. அதியா ஒரு பையை எடுத்து அதில் ஸோயாவின் துணியை வைப்பாள். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் வெளியே எடுத்து அலமாரியில் அடுக்குவாள். மறுபடி பையில் வைப்பாள். ஓர் ஆளுக்கு ஒரு பை என்பதால் எதை விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தடுக்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. தடுத்தால், வண்டி வந்து நிற்கும்போது பிள்ளை மாற்றுத்துணி இல்லாமல் போய்விடுமே என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் கடையில் உட்கார்ந்து கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறையாக அவருக்கு அந்த மனிதர்கள்மேல் வெறுப்பு வந்தது. எத்தனையோ வருஷமாக இவர்கள் காலில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது. ஆனாலும், ஏன் இங்கே வந்து நிற்கிறீர்கள், கொஞ்சம் தள்ளி நின்றால் என்ன என்று கத்த வேண்டும் போலிருந்தது.

கொஞ்சம் தள்ளி. அவர் எழுந்து வெளியே வந்து பார்த்தார். பஸ் நிற்கும் இடத்துக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நூறு அடிகூட இருக்காது.

சுடலைமுத்துவின் பஸ்ஸுக்கு ஓடினார்.

"முத்து, பஸ்ஸைக் கொஞ்சம் முன்னால தள்ளி நிறுத்த முடியுமா? அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம். எல்லா டிரைவருங்ககிட்டயும் நீதான் சொல்லணும். என் புள்ளைய கொண்டு போயிடுவாங்க முத்து."

சுடலைமுத்து கோட்டைப் பார்த்தான். காஜா மொய்தீனைப் பார்த்தான். "நூறடிதான. அதுக்கென்ன பாய், நிறுத்திப்புடலாம். அந்தப் பக்கம் ஆரும் குடியிருக்காவளா?"

கோட்டுக்கு அந்தப் பக்கம் தைலமரத் தோப்பை ஒட்டி ஓர் ஆஸ்பெஸ்டாஸ் வீடு இருந்தது. அதில் சென்னம்மாவும் அவள் மகள் பூங்கொடியும் இருந்தார்கள். சென்னம்மா வீட்டுக்காரனை இழந்தவள், கீரை விற்பவள். ஸோயா பிறந்தபோது ஆட்டோ கிடைக்காமல் தவித்த நேரத்தில் அதியாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ரோடு வரை நடந்து வந்தவள். இதெல்லாம் காஜா மொய்தீனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துபோனார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொன்னால் பொய்.

"யாருமில்ல. வெறும் தோப்புதான்" என்றார்.

மறுநாளே பஸ்கள் தள்ளி நின்றன. கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே நூறடி நடந்தது. காஜா மொய்தீன் மறு எண்ணிக்கைக்கு எழுதிக் கொடுத்தார். ஒப்பிட வேண்டும் என்பதற்காக அதே இரண்டு இருபதுக்கு ஜெயப்ரியா வந்தாள். அதே ஸ்டூலில் ஏறினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்து மூன்று டிக் அடித்தாள். அன்று காஜா மொய்தீன் கல்லாய் உட்கார்ந்திருந்தார், மூக்கில் ஈ உட்கார்ந்தபோதும் கையைத் தூக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஜே ஜே என்று நின்றிருந்த கூட்டத்தை ஜெயப்ரியா பார்த்தாள். பார்த்துவிட்டு மிஷினைப் பையில் போட்டாள்.

"அது இந்த டீம் இல்ல பாய்" என்றாள்.

பதினைந்தாம் நாள் ராஜேஷ்குமாரே நேரில் வந்தார். காஜா மொய்தீன் கடை வாசலில் பந்தல் போட்டு மைக் வைத்தார்கள்.

"சதுரம் நானூத்திப் பதினேழு! பதினோராயிரத்து அறுநூத்தி நாப்பது பேர் இருந்த எடம். இன்னிக்கு மூணு பேர். ரெண்டு வாரத்துல இவ்ளோ ஜனங்களை எந்த ஒரு நாடாச்சும் கலைச்சிருக்கா? ஒரு போலீஸ் கிடையாது, ஒரு லத்தி கிடையாது. ஒரே ஒரு நோட்டீஸ். மனுஷன் எவ்வளவு அருமையா பயப்படறான் பாருங்க! அந்தப் பயத்தை நம்பித்தான் நம்ம ஆணையமே நடக்குது."

காஜா மொய்தீனுக்குச் சால்வை போர்த்தினார். நோட்டீஸ் ரத்து என்று ஒரு தாளும் கொடுத்தார். காஜா மொய்தீன் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதியா கடை வாசலில் நின்று ஸோயாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"சார், அந்தப் பக்கம் கூட்டம் ஜாஸ்தியா இருக்குதேன்னு..." என்று காஜா மொய்தீன் மெதுவாக இழுத்தார். அது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

"நானூத்திப் பதினெட்டா? ஆமா, திடீர்னு ஏறியிருக்கு. அது வேற கோப்பு பாய். நீங்க அதெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க" என்று அவர் தோளில் தட்டிவிட்டு வண்டி ஏறினார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் காஜா மொய்தீன் நன்றாகச் சாப்பிட்டார். ஸோயா பள்ளிக்கூடம் போனாள். கூட்டம் இருந்த பக்கம் போக வேண்டியிருந்தால் மட்டும் அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். சென்னம்மா கீரைக்கூடையோடு வந்தபோதெல்லாம் ஷூவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அவள் கூடை இல்லாமல் வந்தாள். கையில் ஒரு தாள் இருந்தது.

"பாய், போஸ்ட்ல வந்துச்சு. கூட ஒரு மூட்டையும் எறக்கிட்டுப் போயிருக்காங்கோ. எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பூங்கொடி ஷிஃப்டுக்குப் போயிட்டா. படிச்சுச் சொல்லுங்கோ."

அவர் வாங்கினார். படிக்கத் தேவையே இருக்கவில்லை. எண்கள் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தன. சென்னம்மா இருக்கலாம், பூங்கொடி போக வேண்டும். இந்த முறை ராஜஸ்தான் இல்லை, லடாக்கில் ஒரு சதுரம். ஸ்வெட்டர் வழங்கப்படும் என்று போட்டிருந்தது. அவர் ஒரு வரி விடாமல் படித்தார். விட்டுப் படிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியதும் உண்டு.

சென்னம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து வந்த அதியா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்களுக்கும் இதே மாதிரிதானே வந்துச்சு? நீங்க எப்பிடி தப்பிச்சீங்க பாய்?"

காஜா மொய்தீன் நோட்டீஸை ஸ்டூலின்மேல் வைத்தார். அதியாவைப் பார்த்தார். அதியா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"பஸ்ஸைத் தள்ளி நிறுத்தச் சொன்னது நான்தான் சென்னம்மா" என்றார். "கோட்டுக்கு அந்தப் பக்கம்."

சென்னம்மா நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அப்படிச் செய்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அடுத்த கோடு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"பாலத்துக்கிட்ட. ஒரு கிலோமீட்டர்."

"அப்ப பஸ்ஸை அங்க நிறுத்தச் சொல்லுங்கோ."

"அங்கியும் யாராச்சும் குடியிருப்பாங்க சென்னம்மா."

"இருக்கட்டும். எனக்கு அவுங்களைத் தெரியாது" என்றாள் சென்னம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தெரியாதவங்களுக்குத்தான் நான் செய்யச் சொல்றேன் பாய். நீங்க என்னைத் தெரிஞ்சே செஞ்சீங்க."

அவள் போகவில்லை, அங்கேயே நின்றாள். காஜா மொய்தீன் போனை எடுத்து சுடலைமுத்துவின் நம்பரைத் தேடினார்.